காலையில் வந்து பாருங்கள்

மகள் கப்பல் வேலைக்குக் கிளம்பிப் போன அன்று அந்த வீடு பளபளவென்று இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

வழியனுப்ப உறவுக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே நாள் மதியம் அம்மாவின் உதவித்தொகையைச் சரிபார்க்க நலத்துறை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வருவதாக இருந்தது. ஒரே நாளில் இரண்டு தரப்பு விருந்தாளிகள் என்றதும் பாக்கெட்டம்மாவின் கணவர் முந்தின நாளே லீவு போட்டுவிட்டு வாளியும் துடைப்பமுமாகக் களத்தில் இறங்கினார். ஜன்னல் கம்பிகளைத் தனித்தனியாகத் துடைத்தார். மனைவியின் கைத்தடி அலமாரியின் மேலே ஏறியது. அவள் உட்கார்ந்து குளிக்கிற பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்து வீட்டுக்கு விருந்து போயிற்று. தடித்த பிடி போட்ட கரண்டிகள், மூடி திறக்கும் ரப்பர் கருவி, நீளக் காம்பு வைத்த சீப்பு, மாத்திரை டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"எதுக்கு இதையெல்லாம் ஒளிக்கிறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"நாலு பேர் வர்ற இடம் ஆஸ்பத்திரி மாதிரியா இருக்கறது? வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாது பாரு."

அது சரிதான் என்றே அவளுக்கும் பட்டது. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நோயையும் அழுக்குத் துணியையும் உள்ளே தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கும் வம்சம் அது.

பாக்கெட்டம்மா என்பது சலவை நிலையத்தில் விழுந்த பெயர். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் உடுப்புகள் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் அவள் மேஜையைத் தாண்டியாக வேண்டும். சமையல்காரர்களின் கோட்டு, டாக்டர்களின் கோட்டு, வாசலில் நிற்பவர்களின் கால்சட்டை என்று ஒவ்வொன்றின் பாக்கெட்டையும் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு பேனா தப்பிப் போனால் போதும், வெள்ளைத்துணி ஒரு ஈடு முழுக்க நீலமாகி வெளியே வரும். விரல்கள் மடங்காததால் அவளுக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் மணிக்கட்டின் பின்பக்கத்தால் துணியை வெளியிலிருந்து தடவுவாள். தட்டுப்பட்டால் ஒரு மரக்கரண்டியின் காம்பை உள்ளே விட்டுப் பாக்கெட்டை அப்படியே வெளியே புரட்டிவிடுவாள். சாவி, சூயிங்கம், அரை வெங்காயம், ஒருமுறை யாரோ ஒருவருடைய முன்பல் செட். அந்தப் பல்லுக்கு உரியவர் வந்து கேட்கும்வரை இஸ்திரி போடுகிறவர் அதைத் தம்ளரில் போட்டு வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "சிரிச்சுக் காட்டுங்க, உங்களுதான்னு பாத்துடலாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை மதியத்துக்கு மேல் மட்டும்தான். காலையில் அவள் யாருக்கும் உதவமாட்டாள், தனக்கே உதவமாட்டாள். முடக்குவாதம் அப்படி. தூங்கி எழும்போது விரல்கள் கோழிக்கால் மாதிரி சுருண்டு கிடக்கும். முழங்கால் நீட்டினால் மடங்காது, மடக்கினால் நீளாது. வெயில் ஏற ஏறத்தான் ஒவ்வொரு மூட்டாக மனம் இரங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிறவர்களுக்கு, சற்றே மெதுவாக நடக்கிற, கொஞ்சம் களைத்த ஒரு பெண் தெரிவாள். அவ்வளவுதான்.

அந்தக் காலை நேரங்களை இத்தனை வருஷமாகத் தாங்கியது மகள். எழுப்பி உட்காரவைப்பது, குளிக்கவைப்பது, தலை வாருவது, பொத்தான் போடுவது எல்லாம் அவள்தான். கணவர் பால் வேன் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே போய்விடுவார். கப்பல் சமையலறையில் வேலை கிடைத்தபோது மகள் போகமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். உதவித்தொகையில் துணையாள் வைத்துக்கொள்வதற்கென்று ஒரு பங்கு இருந்தது. அதைக் கொண்டு அடுத்த தெருவிலிருந்து காலையில் வந்து போக ஓர் அம்மாளை ஏற்பாடு செய்த பிறகுதான் சம்மதித்தாள். அந்தத் தொகை நின்றால் காலையம்மாள் நின்றுவிடுவாள். அவள் நின்றால், மகள் திரும்பி வரவேண்டும், இல்லையென்றால் கணவர் வண்டியை விடவேண்டும். வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

டாக்சி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, மகள் கடைசியாக ஒருமுறை அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

"எதுன்னாலும் சொல்லிடணும். மறைச்சேன்னு தெரிஞ்சா ஓடி வந்துடுவேன்."

"ஓடி வர அது என்ன பக்கத்துத் தெருவா? கடல்டி."

"நீச்சல் அடிச்சு வருவேன்."

"நீ வாளித் தண்ணியிலயே முங்கமாட்டே. போ, போ, மீட்டர் ஓடுது."

அழக் கூடாது என்று இருவரும் முந்தின நாளே பேசி வைத்திருந்தார்கள். அழுதது அப்பா. டாக்சி திரும்பின பிறகும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றவரை உறவுக்காரர்கள்தான் உள்ளே அழைத்து வந்தார்கள்.

அவர்கள் கலைந்து போன சூட்டோடு அதிகாரி வந்தார். டை கட்டிய, மரியாதையான மனிதர். பாக்கெட்டம்மா விசேஷத்துக்கு உடுத்தும் துணியில் இருந்தாள். மகள் போகிற நாளில் வலியைக் காட்டக் கூடாது என்று காலையிலேயே வலி மாத்திரையை இரட்டிப்பாக விழுங்கியிருந்தாள். அதிகாரி உட்கார்ந்ததும் அவளே சமையலறைக்குப் போய், தேநீர்த் தட்டை இரண்டு முன்கைகளிலும் ஏந்திக்கொண்டு சிரித்த முகமாக வந்து நீட்டினாள். கணவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"சமையல் எல்லாம்?"

"நடக்குது சார். யாருக்குத்தான் கஷ்டம் இல்லை?"

"வேலைக்குப் போறீங்களாமே?"

"ஆமா சார். சும்மா உட்காரப் பிடிக்காது."

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கைத்தடி இல்லை, நாற்காலி இல்லை, மாத்திரை இல்லை. பளபளவென்று ஜன்னல். தேநீர் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். "தங்கமான மனுஷன்" என்றார் கணவர்.

தங்கமான மனுஷன் எழுதியது சில வாரங்களில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்கிறார். விருந்தினரை உபசரிக்கும் அளவுக்கு உடல்நிலை இருக்கிறது. பணிபுரியும் இடத்திலும் விசாரிக்கப்பட்டது. ஆகவே உதவித்தொகை நிறுத்தப்படுகிறது.

மறுநாள் மதியம் பாக்கெட்டம்மா சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குள் போய் நின்றாள்.

"சார், ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்களே! பிச்சு உதறிட்டேன்ல! எங்ககிட்ட இருக்கறதுலயே சுறுசுறுப்பான கை, அவங்க மாதிரி ஒரு ஆளைப் பார்க்கவே முடியாது, ஒரு நாள் ஒரு குறை சொன்னதில்லைன்னேன். ஏன், ஏதாவது விருது குடுக்கறாங்களா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். சூப்பர்வைசர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் நல்லதுதானே சொன்னேன்..."

"எல்லாருமே நல்லதுதான் சொன்னோம் சார். நானும் சேத்துதான்."

வீட்டில் அன்று சோறு இறங்கவில்லை. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் வண்டியை விட்டுடறேன்."

"விட்டுட்டு? என் மதிய வேலையை வச்சு ரெண்டு பேரும் காத்தைக் குடிக்கறதா?"

"அப்ப அந்த வேலையை நீ விடு. வேலைக்குப் போறதாலதானே இந்த வம்பு? வீட்லயே இருந்தா தானா குடுத்துடுவாங்க."

"விடமாட்டேன்." அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்படி குரல் உயர்ந்தது. "நாள் முழுக்க இந்தக் கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். அங்க போனா நாலு மனுஷங்க, நாலு பேச்சு. காலையில ஒரு ஆள் வந்து என்னை நிமிர்த்தி உட்கார வைக்கிறதாலதான் மதியம் வேலைக்குப் போறேன். வேலைக்குப் போறேன்னு அந்த ஆளையே நிறுத்திட்டா எப்படிப் போவேன்? இதை அவங்களுக்குப் புரிய வைக்கணும்."

மகளுக்குச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. கப்பலில் இணைய இணைப்பு கிடைக்கும்போதுதான் அவள் கூப்பிடுவாள். அவள் கூப்பிடும் நேரம் காலையாக இருந்தால் பாக்கெட்டம்மா எடுக்கமாட்டாள். மதியத்துக்குமேல் தானே கூப்பிட்டு, "குளிச்சிட்டிருந்தேன்டி" என்பாள்.

"தினம் காலையில குளிக்கறியா, இல்ல குளத்துலயே குடியிருக்கியா?" என்று மகள் கேட்பாள்.

காலையம்மாள் நின்ற பிறகு காலைகள் வேறு மாதிரி ஆயின. கணவர் போவதற்கு முன் ஒரு பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அவள் படுத்தபடியே வெளிச்சம் கூரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. சில நாள் போகவே முடியவில்லை. அந்த நாட்களில் அவள் மேஜையில் இஸ்திரிக்காரர் உட்கார்ந்து, இரண்டு பேனாக்களைத் தப்பவிட்டு, ஒரு ஹோட்டலின் மேஜை விரிப்பு மொத்தத்தையும் வானம்போல ஆக்கி வைத்தார்.

மறுபரிசீலனைக்கு எழுதிப்போட்டாள். சூப்பர்வைசரிடமும் ஒரு கடிதம் கேட்டாள். அவர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் தவித்தார்.

"உங்களைப் பத்திக் குறையா எழுத எனக்குக் கை வரலைம்மா."

"என் கையைக் கடன் வாங்கிக்கங்க சார். அதுக்குக் குறையைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

அவர் சிரித்துவிட்டு எழுதினார். மதியம் மட்டும்தான் வருகிறார். ஈரத்துணி தூக்கமாட்டார், இன்னொருவர் தூக்கி வைக்கவேண்டும். சில நாள் வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சில நாள் வருவதேயில்லை. கடைசியில் மனசு கேட்காமல், ஆனாலும் நல்ல வேலைக்காரி என்று ஒரு வரி சேர்த்தார். அது இருக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அலுவலகம் இன்னொரு அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னது. கணவர் ஒத்திகை தொடங்கினார்.

"இந்த வாட்டி நான் சொல்றதைக் கேளு. தடியை ஊனிக்கிட்டு, இப்படி இழுத்து இழுத்து நட. நடுவுல ஒரு முனகல். நான் ஓடி வந்து தாங்கிக்கறேன்."

அவர் கூடத்தில் நடந்தே காட்டினார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீங்க நடந்தா உங்களுக்குத்தான் உதவித்தொகை குடுப்பாங்க. நடிப்பெல்லாம் வேணாம். அன்னிக்கும் நாம நடிச்சோம், நல்லா இருக்கற மாதிரி. அதான் இங்க வந்து நிக்குது."

"பின்ன என்ன பண்ணப்போறே?"

"காலையில வரச் சொல்லப்போறேன்."

அவர் முகம் மாறியது. தலை வாராமல், முகம் கழுவாமல், இரவுத் துணியோடு, அந்நிய மனிதன் முன்னால். இருபது வருஷமாக அவரே அவளை முழுசாக அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை, இருட்டோடு போய்விடுகிறவர்.

"மானம் போயிடும்மா."

"மகள் திரும்பி வந்தா மட்டும் மானம் நிக்குமா?"

அவர் தடியைக் கொண்டுபோய் அவள் கட்டிலோரம் சாய்த்து வைத்தார்.

அலுவலகத்துக்குப் போன் செய்து, காலையில் சீக்கிரம் வரவேண்டும் என்று கேட்டாள். எதிர்முனையில் இருந்த பெண், அலுவலகம் திறப்பதே பத்து மணிக்குத்தான் என்றாள். பத்து மணிக்கு வந்தால் நீங்கள் வேறு ஒருத்தியைத்தான் பார்ப்பீர்கள் என்று இவள் சொன்னாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தாள் அந்தப் பெண். பல தடவை கேட்டதற்குப் பிறகு, ஓர் அதிகாரி வேலைக்கு வரும் வழியில் வந்துவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்டார் என்று தகவல் வந்தது.

அன்று கணவர் லீவு போட்டுக் கூட இருப்பேன் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். தினமும் இருக்கிறபடியே இருக்கட்டும்.

அழைப்புமணி அடித்தபோது அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். "வர்றேன்" என்று குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை கட்டில் சட்டத்தை முழங்கையால் அணைத்துக்கொண்டு எழுந்தாள். கைத்தடியைப் பிடிக்க விரல் விரியாததால் அதை முன்கையில் மாட்டி வைத்துக்கொண்டாள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னக் கூடம். மதியத்தில் அதை யோசிக்காமல் கடப்பாள்.

"இருக்கீங்களாம்மா?" என்றது வெளியே ஒரு குரல்.

"இருக்கேன். வந்துட்டிருக்கேன்."

"அவசரமில்லை."

நடுவழியில் நின்று மூச்சு வாங்கினாள். தலைமுடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கலாம் என்று கை பாதிவரை போய் இறங்கிவிட்டது. வெளியே அவர் காத்துக்கொண்டிருப்பது கதவின் கீழே விழுந்த நிழலில் தெரிந்தது. தாழ்ப்பாளுக்கு வந்தாள். கதவைச் சாத்தினால் தானே விழுந்துகொள்ளும், உள்ளிருந்து தள்ளித் திறக்கிற ரகம். இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து அதன் குமிழில் வைத்து உடம்பால் தள்ளினாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். வலியில் கண் நிறைந்தது. தாழ்ப்பாள் விலகியபோது அவளுக்கு வியர்த்துவிட்டிருந்தது.

அதிகாரி கொஞ்சம் வயதானவர், மழைக்கோட்டில் இருந்தார். அவளைப் பார்த்தார், உடனே பார்வையைத் தரைக்கு இறக்கினார், பிறகு அவளிடமே திருப்பினார். தன்னை அந்தக் கோலத்தில் பார்க்க விட்டது அவளுக்கு அவமானமாக எரிந்தது. ஆனால் நகரவில்லை.

"உள்ள வாங்க சார். உட்காருங்க."

பழக்க தோஷத்தில் அவள் கண் சமையலறைப் பக்கம் போயிற்று. மேடையில் கெட்டில் இருந்தது.

"டீ குடுக்கணும். ஆனா கெட்டிலைத் தூக்க முடியாது சார் இப்ப. பிளாஸ்க்குல இருந்ததைக் குடிச்சிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"அய்யோ, நாங்க எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாதும்மா. விதி."

"அப்ப நீங்களே போட்டுக் குடிங்களேன்."

"அதுவும் கூடாது. பார்க்க வந்த இடத்துல உதவி பண்ணினா கணக்குத் தப்பாயிடும்."

இருவரும் கெட்டிலைப் பார்த்தார்கள். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்.

"நல்லா மாட்டிக்கிட்டோம் சார் ரெண்டு பேரும்."

அவரும் சிரித்தார். கேள்விகள் கேட்டார். இந்தத் தடவை அவள் "நடக்குது" என்று எதற்கும் சொல்லவில்லை. எப்படி நடக்கிறது, யார் இருந்தால் நடக்கிறது, இல்லையென்றால் என்ன ஆகிறது என்று சொன்னாள். கழிப்பறைக்குப் போவதைப் பற்றிக் கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஆனால் சொன்னாள்.

"இவ்வளவு கஷ்டத்துல வேலைக்கு வேற எதுக்கும்மா போறீங்க?"

"மதியம் ஆனா நான் மனுஷி சார். அந்தக் கொஞ்ச நேரத்தை வீட்ல படுத்து வீணாக்கச் சொல்றீங்களா?"

அவர் எழுதினார். போகும்போது கதவைச் சாத்தாமல் வைத்துவிட்டுப் போனார். சாத்தினால் மறுபடி திறப்பது யார் என்று யோசித்திருக்க வேண்டும். அது உதவியில் சேருமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றே, தலை வாராமல், அவள் போன் திரையை மூக்கால் தொட்டு மகளை வீடியோவில் கூப்பிட்டாள். மகள் ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"குளத்துல குடியிருந்தது இதுக்குத்தானா? நான் வர்றேன்."

"வராதே. இன்னிக்கு வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. இந்த வாட்டி இருக்கறதை இருக்கறபடி காட்டியிருக்கேன். முடிவு வரட்டும். இல்லைன்னு சொல்லிட்டா நானே உன்னைக் கூப்பிடறேன், சத்தியமா. கூப்பிடற வரைக்கும் நீ கேரட் நறுக்கிக்கிட்டிரு."

"பொய் சொன்னே."

"சொன்னேன். இனிமே காலையிலயே பேசலாம். இந்த மூஞ்சியைப் பார்த்துப் பயப்படாம இருந்தா சரி."

மகள் கொஞ்சம் அழுதாள். பிறகு, பின்னால் யாரோ கத்த, "வந்துட்டேன் சார்!" என்று அந்தப் பக்கம் கத்திவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி, "தினம் காலையில" என்று விரலைக் காட்டினாள்.

முடிவு வர மாதங்கள் ஆயின. அதற்குள் சூப்பர்வைசர் அவளுடைய நேரத்தை இன்னும் பின்னால் தள்ளி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரி சில நாள் வந்து பொத்தான் போட்டுவிட்டாள். கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வரும்வரை வீட்டில் இருந்து, நீளக் காம்புச் சீப்பால் அவள் தலையை வாரப்போய், வகிடு காதுக்கு மேலே வந்து நின்றது. "பாதையை விட்டு வண்டி இறங்கிடுச்சு" என்றாள் அவள். அவர் மறுபடி ஏற்றினார்.

உதவித்தொகை திரும்பக் கிடைத்தது. முழுதாக இல்லை, வேலை செய்கிறாள் என்பதற்காக ஒரு பங்கைக் குறைத்திருந்தார்கள். ஆனால் துணையாளுக்கான பங்கு அப்படியே இருந்தது. காலையம்மாள் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கைவைத்து, "எழுந்திரு மகாராணி" என்றாள். அன்று மதியம் பாக்கெட்டம்மா நேரத்துக்கு முன்பே மேஜையில் இருந்தாள்.

மகளின் முதல் ஒப்பந்தம் அதன் பிறகும் ஓடி, முடிகிற கட்டத்துக்கு வந்தது. கப்பல் கடைசியாக எங்கே நிற்கும், அவள் எப்போது வீட்டுக்கு வருவாள் என்று கணவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலையின் நடுவில் பாக்கெட்டம்மாவின் போன் அடங்கிய குரலில் சிணுங்கியது. ஒரு டாக்டர் கோட்டைப் பாதியில் விட்டுவிட்டு, விரல் முட்டியால் திரையைத் தள்ளிப் படித்தாள்.

"அம்மா, இதைவிடப் பெரிய கப்பல்ல கேக்கறாங்க. இன்னும் தூரம். ஒரு மாசம் வீட்டுக்கு வந்து இருந்துட்டுப் போறேன். உன்னைக் கேக்கணும்னுதான் நினைச்சேன். அப்புறம் எதுக்குன்னு தோணுச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்."